துருசும் மணிக்கூடும்: அரசறிவியல் கேள்வி பதில்

கேள்வி: சேர், தவணைப் பரீட்சையில் ‘அரசு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அரசாங்கம்’ என்று எழுதிப் புள்ளிகளை இழந்தேன். இரண்டும் ஒன்றுதானே என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.
உயர்தர மாணவி, தருமபுரம்

பதில்: ஒன்றல்ல, பிள்ளை. வீட்டில் காணி அனுமதிப்பத்திரம் இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. ஐம்பதுகளில், இரணைமடுக் குளத்தின் கீழ் அப்பாவுக்குக் கிடைத்த மூன்று ஏக்கர் வயலுக்குரியது. 2008 கடைசியில் இடம்பெயர்ந்தபோது அம்மா அதைப் பொலித்தீன் பையில் இரண்டு தடவை சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். இப்போது மடிப்புகளில் கிழிந்து, ஒரு மூலையில் மை பரவிக் கிடக்கிறது. ஒப்பம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஒப்பமிட்டவர் இன்று உயிரோடு இருக்கமாட்டார். அன்றைய அரசாங்கம் அடுத்த தேர்தலோடு போய்விட்டது. 1972இல் நாடு குடியரசானது. 1978இல் அரசியல் யாப்பு மறுபடியும் மாறியது. முன்பு ‘முடிக்குரிய காணி’ என்றதை இன்று ‘அரச காணி’ என்கிறோம். ஆனாலும் பத்திரம் இன்றும் செல்லும். அதைக் கொடுத்தது அரசு. அரசாங்கம் என்பது அந்த நேரத்தில் அரசின் பெயரில் காரியம் பார்த்தவர்கள். 1933ஆம் ஆண்டின் மொன்டிவீடியோ உடன்படிக்கை அரசுக்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவுகொள்ளும் ஆற்றல். அரசாங்கம் அந்த நான்கில் ஒன்றுதான். பரீட்சையில் இதை எழுதினாலே போதும்.

புள்ளிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ‘இந்த அரசாங்கம் பார்த்துத் தந்தால்தான் உண்டு’ என்று கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் குனிந்து நிற்கும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அரசு பட்ட கடமை ஆட்சி மாறினால் அழிந்துபோவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு கேட்பவரின் குரலே வேறு.

கேள்வி: இறைமை மக்களுக்குரியது என்று யாப்பில் இருக்கிறதாம். எங்கள் வாய்க்காலை மறித்துத் தண்ணீர் எடுப்பவரைக்கூட எங்களால் தடுக்க முடியவில்லை. பிறகு என்ன இறைமை?
விவசாயி, முரசுமோட்டை

பதில்: ஐயா, இதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன.

முதலில் இறைமை. தனக்கு மேலே இன்னொருவர் இல்லாத அதிகாரம் என்று 1576இல் பிரான்சின் ஜோன் போதன் இதற்கு விளக்கம் எழுதினார். அவர் மனதில் இருந்தவர் மன்னர். நமது யாப்பின் 3ஆம் உறுப்புரை அதை மக்களிடம் வைத்து, பராதீனப்படுத்த முடியாதது என்றும் சொல்கிறது. நொத்தாரிசிடம் போய் வந்த எவருக்கும் பராதீனம் என்ற சொல் புதிதல்ல: உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றுவது. அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க முடியாது அல்லவா? வாக்களிக்கும்போதும் நீங்கள் இறைமையை விற்பதில்லை. தவணை குறித்துக் குத்தகைக்குக் கொடுக்கிறீர்கள்.

இனி வாய்க்கால். சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசை (குளத்து மதகை) எந்த நாளில் திறப்பது, எந்த நாளில் பூட்டுவது என்று கமக்காரர் கூடித் தீர்மானிக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தின்படி துருசைத் திறப்பவரிடம் இருப்பது அதிகாரம். நடுச்சாமத்தில் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் கட்டை வெட்டுபவரிடம் இருப்பது வெறும் வலு. எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. ஒரு சிறுபோகத்தில் விடியப் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் தரை பொருக்கு வெடித்துக் கிடந்தது. மூன்று வயல் தள்ளி மேலே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அன்றைக்கு நானும் வலுவுக்கு வலு என்றுதான் நினைத்தேன். அம்மா மறித்தார். கூட்டக் குறிப்பின் பிரதியோடு கமக்காரர் அமைப்புக்குப் போனேன். தண்ணீர் வர ஆறு நாள் சென்றது. அந்த ஆறு நாளும் பயிர் வாடியதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் நீங்களும் அந்தக் குறிப்பைக் கையில் எடுங்கள்.

கேள்வி: சமாதான காலத்தில் வன்னியில் இருந்தது ஓர் அரசா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.
ஆசிரியை, மாங்குளம்

பதில்: கேட்கத்தான் செய்வார்கள், தங்கச்சி. ஒரு மணிக்கூட்டிலிருந்து தொடங்குங்கள். 1996இல் கொழும்பு நேரத்தை முன்தள்ளியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஓமந்தைச் சாவடி வழியாக வவுனியாவுக்குப் போகும்போது, வரிசையில் நின்றபடி மணிக்கூட்டு முள்ளை அரை மணி நேரம் முன்னே திருகுவேன். திரும்பி வரும்போது பின்னே திருகுவேன். 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை அப்படித்தான் இருந்தது.

ஒரு நிலப்பரப்புக்குள் முறையான பலப்பிரயோகத்தின் ஏகபோக உரிமையை வெற்றிகரமாகக் கோருவதே அரசு என்று 1919இல் ஜேர்மன் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் சொன்னார். இங்கே விடுதலைப் புலிகளின் நீதிமன்றமும் காவல்துறையும் வரியும் இருந்தன. அதே ஊரில் கச்சேரியும் இயங்கியது. எனது சம்பளமும், நான் படிப்பித்த பாடத்திட்டமும் கொழும்பிலிருந்தே வந்தன. எந்த நாடும் அதை அரசாக அங்கீகரிக்கவில்லை. ஆகவே நடைமுறையில் ஆட்சி இருந்தது, சர்வதேச ஏற்பு இருக்கவில்லை என்று சொல்லலாம். அந்த ஆட்சி சரியா பிழையா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதில் உண்டு, ஒவ்வோர் இழப்பும் உண்டு. வகுப்பில் எந்தப் பிள்ளையையும் அதற்குப் பதில் சொல்லச் சொல்லாதீர்கள்.

கேள்வி: அரசறிவியலை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?
இளைஞர், மல்லாவி

பதில்: யாப்பின் தமிழ்ப் பிரதியில், தம்பி. பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் நான்கு உறுப்புரைகளைச் சத்தமாக வாசியுங்கள். தமிழ் கடினமாகத்தான் இருக்கும். பிடிபடாத சொற்களைத் தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.