ஒரு கண்ணில் அடிபட்டால் நல்ல கண்ணும் பாதிக்கப்படுமா?

மகனுக்கு வலது கண்ணில் கம்பி குத்தித் தையல் போட்டிருக்கிறது, டாக்டர் ஏன் ஒவ்வொரு முறையும் நல்ல கண்ணையும் பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். உளியைச் சுத்தியலால் அடித்தபோது தெறித்த இரும்புச் சில்லு இடது கண்ணைக் கிழித்துவிட்டது. அன்று இரவே ஆபரேஷன். எங்கள் கவலை முழுக்க அந்தக் கண்ணைப் பற்றித்தான். ஆறாவது வாரம் சாப்பிட உட்கார்ந்தவர், "அந்த டியூப்லைட்டை அணைடா, கண்ணு கூசுது" என்றார். கூசியது வலது கண். மறுநாள் செல்போனில் எழுத்து தெளிவாக இல்லை என்றார். "தூக்கம் கெட்டிருக்கும், சரியாயிடும்" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணிதான் கேட்காமல், டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே அவரை அழைத்துப் போனார்.

இதன் பெயர் சிம்பதெடிக் ஆப்தால்மியா. கண்ணுக்குள் இருக்கும் சில புரதங்கள் நம் உடலின் எதிர்ப்புச் சக்தியின் பார்வைக்கு வராமலேயே இருக்கின்றன. கண் கிழிந்து அவை வெளிப்பட்டதும், சில பேருக்கு உடல் அவற்றை அந்நியமாக எண்ணித் தாக்குகிறது. அதே புரதங்கள் மற்றக் கண்ணிலும் இருப்பதால் இரண்டிலும் அழற்சி வருகிறது. கிருமி பரவுவதால் வருவதில்லை. பயப்படாதீர்கள், இது மிக அரிது: ஆழமான காயம் பட்டவர்களிலேயே நூற்றில் ஒருவருக்கும் குறைவு, கண் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் குறைவு. பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள் தெரியும். பல வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு.

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயிலுக்கும் இதுதான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதுவும் ஒரு பட்டறைதான். பிரான்சில், 1812-இல், அப்பா குதிரைச் சேணம் தைக்கும் இடத்தில் 3 வயதுக் குழந்தையின் ஒரு கண்ணில் குத்தூசி குத்தியது. 5 வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. அப்போது அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து கிடையாது.

அண்ணனுக்கு அது கிடைத்தது. முதலில் ஊசியாக, அப்புறம் மாத்திரையாக, கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின் என்ற மருந்து. முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. தாங்க முடியாமல் ஒருமுறை அவராகவே மாத்திரையை நிறுத்தினார், பத்தே நாளில் மங்கல் திரும்பியது. தயவுசெய்து அதை மட்டும் செய்ய விடாதீர்கள். இப்போது வலது கண்ணால் பஸ் போர்டைப் படிக்கிறார்.

அடிபட்ட கண்ணை எடுத்துவிட்டால் மற்றது தப்பும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். 2 வாரத்துக்குள் எடுப்பது பழைய வழக்கம். இப்போது பார்வை திரும்ப வழியே இல்லாத கண்ணுக்குத்தான் அந்தப் பேச்சு வருகிறது. சிலருக்குக் கடைசியில் அடிபட்ட கண்ணே நன்றாகத் தெரியும் கண்ணாக மிஞ்சுகிறது.

குழந்தைக்கு மங்கலைச் சொல்லத் தெரியாது. தினமும் காலையில், கட்டுப் போட்ட கண்ணை அழுத்தாமல் மறைத்து, நல்ல கண்ணால் நாட்காட்டியின் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கூச்சம், சிவப்பு, மிதக்கும் புள்ளி, மங்கல் என எது தெரிந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். பிற்காலத்தில் வேறு டாக்டரிடம் போனாலும் முதலில் இந்தக் காயத்தைச் சொல்லுங்கள்.