25 மீட்டர் போட்டிக்கு .22 பிஸ்டலை ட்யூன் செய்வது எப்படி? ட்ரிகரிலிருந்து தொடங்கலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது சுருக்கமாக இதுதான்: ஒருவர் பயன்படுத்திய பர்தினி .22 பிஸ்டல் உரிமத்தோடு கைக்கு வந்திருக்கிறது, அடுத்த மாநிலப் போட்டியில் 25 மீட்டர் பிரிவில் சுட வேண்டும், ட்ரிகரை எவ்வளவு லேசாக்கலாம், முன்னால் எடை சேர்க்கலாமா, யூடியூபில் அமெரிக்கர்கள் மாட்டிக்கொள்கிற காம்பென்சேட்டரும் (முனை துள்ளுவதைக் குறைக்கும் பாகம்) ரெட் டாட்டும் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) இதில் போடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போட முடியாது. நீங்கள் பார்த்த வீடியோக்கள் ஐ.பி.எஸ்.சி, யு.எஸ்.பி.எஸ்.ஏ வகைப் போட்டிகள். ஓடிக்கொண்டே சுடுவது, ஓப்பன் டிவிஷன், குழல் முனையில் காம்பென்சேட்டர், மேலே ரெட் டாட், அது வேறு உலகம். அங்கே ஓடுகிற 9 எம்.எம் நம் நாட்டில் சாதாரண உரிமத்தில் கிடைக்கிற வகையும் கிடையாது. நீங்கள் சுடப்போவது ஐ.எஸ்.எஸ்.எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி. அதில் திறந்த சைட் (லென்ஸ் எதுவும் இல்லாத குறிமுனை) மட்டும்தான். காம்பென்சேட்டர், மசில் பிரேக், துளை போட்ட குழல் எதுவுமே கூடாது. பிஸ்டல் காலி மேகசினோடு (தோட்டா நிரப்பும் கூடு) சேர்த்து 1400 கிராமைத் தாண்டக் கூடாது, 300 x 150 x 50 மி.மீ பெட்டிக்குள் அடங்க வேண்டும், குழல் அதிகபட்சம் 153 மி.மீ, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே அதிகபட்சம் 220 மி.மீ, ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது 1000 கிராம். இதற்குள்தான் எல்லா விளையாட்டும்.

இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பின்னணி எனக்கு மிகவும் பிடிக்கும். குழலின் மையக்கோடு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சவ்வுக்கு மேலேதான் போக வேண்டும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் காலத்தில் சோவியத் வீரர்கள் எம்.சி-3 என்று ஒரு பிஸ்டலோடு வந்தார்கள். அதைத் தலைகீழாக அமைத்திருந்தார்கள், குழல் கைக்கு நேராகவே இறங்கி உட்கார்ந்திருந்தது, சுட்டால் முனை துள்ளவே இல்லை. பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள், பிறகு அந்த அமைப்புக்கே இடமில்லாமல் போனது. இன்றைய பர்தினி, வால்தர் ஜி.எஸ்.பி மாதிரியான பிஸ்டல்களில் மேகசின் ட்ரிகருக்கு முன்னால் இருப்பதற்கும் இந்த விதிக்குள் வளைந்து கொடுக்கிற புத்திசாலித்தனம்தான் காரணம். மேகசின் கைப்பிடிக்குள் இல்லாததால் குழலைத் தாழ்த்தலாம், கைப்பிடியை இஷ்டப்படி செதுக்கலாம்.

இப்போது உங்கள் தலைப்புக் கேள்வி. ட்ரிகரிலிருந்து தொடங்கலாமா? வேண்டாம். கிரிப்பிலிருந்து, அதாவது கைப்பிடியிலிருந்து, தொடங்குங்கள். பழைய பிஸ்டலோடு வந்த கிரிப் என்பது அடுத்தவர் கால் பதிந்த செருப்பு. அதில் உங்கள் கையை வைத்துக்கொண்டு ட்ரிகரையும் சைட்டையும் சரி செய்தால், பின்னாளில் கிரிப்பை மாற்றும்போது எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டி வரும். எங்கள் ரேஞ்சில் பணத்தைக் கரைத்தவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள்தான்.

கிரிப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. துப்பாக்கி காலி என்று ஒன்றுக்கு இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள், இலக்கை நோக்கி நில்லுங்கள், பிஸ்டலை இடக்கையால் வலக்கைக்குள் நன்றாகத் திணித்துப் பிடியுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள், மூச்சு அடங்கியதும் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில், தலை சமமாக நிற்க வேண்டும். மணிக்கட்டை இழுத்துச் சரி செய்யாமல், தானாக. வலப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் (வலக்கைக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன்) உள்ளங்கையின் அடிமேடு பிஸ்டலின் பின்பகுதியை இடப்பக்கம் தள்ளுகிறது, அந்த இடத்தில் மரம் அதிகம். முன் சைட் மேலே எழும்பி நின்றால் கிரிப்பின் பின்பக்கம் அடியில் மரம் அதிகம். தாழ்ந்து நின்றால் அதே இடத்தில் குறைவு. இந்தச் சோதனையைக் களைப்பில்லாத நேரத்தில் ஒருமுறையும், பயிற்சி முடிந்த களைப்பில் ஒருமுறையும் செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் களைப்பில் வந்ததை நம்புங்கள், போட்டியின் கடைசி சீரிஸில் உங்கள் கை அப்படித்தான் இருக்கப் போகிறது.

குறைவான இடத்தில் வைக்க வெளிநாட்டு வுட் ஃபில்லரெல்லாம் தேட வேண்டாம். பைப் ஒழுக்குக்கு வாங்குகிற எம்-சீல் போதும். பிசைந்து, மரத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு அப்புங்கள், கையில் முகப்பவுடரை நன்றாகப் பூசிக்கொண்டு வழக்கம்போல இறுக்கிப் பிடியுங்கள், ஒரு நிமிடம் கழித்து எடுத்தால் ரேகை வரை பதிந்திருக்கும். பிதுங்கியதை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுநாள் வரை தொடாதீர்கள். அப்புறம் உப்புத்தாள். ஒரு எச்சரிக்கை: அச்சு அச்சாகப் பதிந்த கிரிப் முதலில் அருமையாக இருக்கும், ஆனால் வெயிலில் கை கொஞ்சம் உப்பினால்கூட வேறு யாரோ பிடிப்பது போல ஆகிவிடும். சென்னை மாதிரி ஊரில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும், வால்நட் மரமும் ஈரப்பதத்துக்கு ஏற்ப அசையும். அதனால் விரல்களுக்கு இடையில் எழும்புகிற வரம்புகளைத் தேய்த்து மழுங்கடித்துவிடுங்கள்.

முக்கியமாக, ட்ரிகர் விரலின் பக்கவாட்டு எங்கும் மரத்தில் உரசக் கூடாது. ஒரு தாள் நுழைகிற இடைவெளியாவது வேண்டும். உரசினால் விரல் நேராகப் பின்னால் வராது, பிஸ்டலையும் சேர்த்துத் தள்ளும். உள்ளங்கை அடியில் இருக்கிற பாம் ஷெல்ஃபைக் கையை நசுக்கும் அளவுக்கு ஏற்றாதீர்கள். அது கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி, மேல்நோக்கி வளைத்துக் கையைக் கவ்வ வைத்தால் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ட்ரிகர். சட்டத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தயாரித்தவர்களே திருப்புவதற்கென்று வைத்திருக்கும் திருகுகள், மரம், சைட், இவ்வளவுதான் உங்கள் எல்லை. சியரை (ட்ரிகரை இழுக்கும் வரை ஹேமர் என்கிற சுத்தியலைப் பிடித்து வைக்கும் பாகம்) தேய்ப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது எல்லாம் உரிமம் உள்ள கன்ஸ்மித் வேலை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், அளவு தெரியாமல் தேய்த்த சியர் ஒரே இழுப்பில் இரண்டு தோட்டாவை அனுப்பும்.

எவ்வளவு லேசாக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1000 கிராமுக்குக் கீழே ஒரு கிராம்கூட முடியாது, ஆகவே கேள்வியையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்: அந்த ஆயிரத்தை எப்படிப் பங்கு போடுவது? டூ ஸ்டேஜ் ட்ரிகரில் (இரண்டு கட்டமாக இழுபடுவது) முதல் ஸ்டேஜுக்கு 750 அளவுக்கு வைத்துவிட்டால், விரல் இரண்டாம் கட்டத்தின் சுவரில் போய் நின்ற பிறகு ட்ரிகர் உடைவதற்கு, அதாவது சுடுவதற்கு, மீதி 280 போதும். மொத்தம் 1030. சுடுகிறவருக்கு அது இருநூற்றுச் சொச்சம் கிராம் ட்ரிகர் போலவே தோன்றும், சோதிக்கிறவருக்கு ஒரு கிலோவுக்கு மேல். இதைத் திருப்பிப் போட்டு, முதல் ஸ்டேஜ் லேசாகவும் இரண்டாவது கனமாகவும் வைத்துக்கொண்டு ட்ரிகர் கனக்கிறது என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

அந்த 30 கிராம் கூடுதல் எதற்கு என்றால், சோதனை மேசையில் குழலைச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிகரில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். எடை மேசையை விட்டு எழும்ப வேண்டும், ஹேமர் விழக் கூடாது. மூன்று முயற்சிதான். சுட்டு முடித்த கையோடும் திடீரென்று கூப்பிட்டுச் சோதிப்பார்கள், அங்கே தோற்றால் தகுதி நீக்கம். தூசியும் எண்ணெயும் ஒரு நாளில் இருபது கிராமை விழுங்கக்கூடியவை. 1002-இல் வைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்க வரிசையில் நிற்பதில் என்ன இருக்கிறது?

திருகைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பாதுகாப்பைச் சோதியுங்கள். காலி பிஸ்டலில் போல்ட்டை (பின்னால் இழுபடும் அடைப்பு) இழுத்து வேகமாக விட்டால் ஹேமர் தானாக விழக் கூடாது. அது சரியாக இருந்தால் ரேஞ்சில், இலக்கை நோக்கி, ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள், பிறகு இரண்டு. அப்புறம்தான் ஐந்து. இன்னொன்று, .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்க வைப்பது) என்பதால், தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்கும்போது சும்மா அடித்தால் ஃபயரிங் பின் அறையின் விளிம்பில் மோதிக் காயம் பண்ணும். ட்ரை ஃபயருக்கான (தோட்டா இல்லாமல் சுட்டுப் பழகுவது) பிளக்கோ அமைப்போ உங்கள் மாடலுக்கு இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

சைட்டில் ஒரே ஒரு கணக்கை மனதில் வையுங்கள். 220 மி.மீ இடைவெளியில் முன் சைட் பள்ளத்துக்குள் அரை மி.மீ நகர்ந்தால், 25 மீட்டரில் குண்டு சுமார் 57 மி.மீ நகரும். பிரிசிஷன் (நிதானமாகச் சுடும் கட்டம்) இலக்கின் பத்து வளையம் மொத்தமே 50 மி.மீ விட்டம். அதனால் முன் சைட்டின் இரு பக்கமும் தெரிகிற வெளிச்சக் கீற்று உங்கள் கண்ணுக்குச் சமமாகப் பிரித்துப் பார்க்கிற அளவில் இருக்க வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்குங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். பிரிசிஷனில் 200 மி.மீ கறுப்பு வட்டத்துக்குக் கீழே, வெள்ளையில் பிடித்துச் சுடுவீர்கள். ரேபிட் (வேகமாகச் சுடும் கட்டம்) இலக்கில் கறுப்பே 500 மி.மீ, அங்கே நடுவில்தான் பிடிக்க முடியும். ஆக இரண்டுக்கும் நடுவே பின் சைட்டில் எத்தனை கிளிக் என்பதை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேனுவலில் போட்டிருப்பதை நம்பாமல் பத்து கிளிக் திருப்பிச் சுட்டு, ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

எடை பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன்னால் எடை சேர்த்தால் முனை அடங்கும், ஆனால் ரேபிடில் 45 டிகிரி கீழே இருந்து மூன்று வினாடிக்குள் கை மேலே வந்து நின்று சுட வேண்டும், அதுவும் ஏழு ஏழு வினாடி இடைவெளியில் ஐந்து முறை. தோள் தாங்குகிற வரைக்கும் போடுங்கள். முதல் சில மாதம் எதுவும் போடாமலே சுடுங்கள் என்பதுதான் என் கட்சி.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: தோட்டாவும் மேகசினும். இந்த பிஸ்டல்கள் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவுக்காக அமைக்கப்பட்டவை, ஹை வெலாசிட்டி போட்டால் போல்ட் அடித்து அடித்துப் பாகங்கள் நோகும். எஸ்.கே, ஈலி, ஆர்.டபிள்யூ.எஸ் எந்தக் கம்பெனித் தோட்டாவானாலும் ஒரே பெயரில் ஒவ்வொரு லாட்டும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) ஒவ்வொரு மாதிரி. குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்க்கும் முன் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். .22 ஈயக் குண்டின் மெழுகும் கரியும் அறையின் வாயில் படிந்து இறுகினால் தோட்டா முழுதாக உள்ளே போகாது, எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் அழுக்கு சேர்ந்தால் காலி உறை வெளியே வராது. மேகசின்களுக்கு எண் போட்டு வையுங்கள். தடங்கல் எப்போதும் 2-ஆம் எண்ணில்தான் வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, அதன் உதடு (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்பு) வளைந்திருக்கும். முப்பது தோட்டா கொண்ட ஒரு கட்டத்தில் மால்ஃபங்ஷன் (துப்பாக்கிக் கோளாறு) என்று கையைத் தூக்க ஒரே ஒரு வாய்ப்புதான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாக்கருக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் கோளாறாகி எத்தனை நிமிடம் வீணானது என்று நமக்குத் தெரியும். 575 எடுத்து 12-ஆவதாக வந்தார், இறுதிச் சுற்று கைநழுவியது. பிஸ்டல் உலகத்தரமானது, சுட்டவரும் உலகத்தரமானவர், அப்படியும் நடக்கிறது. இரண்டாவது பிஸ்டல் வாங்க எல்லாராலும் முடியாது, ஆனால் உபரி ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர், ரீகாயில் ஸ்பிரிங் மூன்றும் பெட்டியில் கிடக்கட்டும். இறக்குமதிப் பொருள் என்பதால் உடைந்த பிறகு ஆர்டர் போட்டால் சீசன் முடிந்துதான் வரும்.

எலெக்ட்ரானிக் ட்ரிகர் வாங்கலாமா என்று கமென்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையாகத்தான் இருக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல லாட்டில் எத்தனை பெட்டி தோட்டா வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.