கேள்வி–பதில்: தோட்டப்புற கிளினிக்கில் மகள்

கேள்வி: என் மகள் விரைவில் ஹவுஸ்மேன் பயிற்சியை (புதிய மருத்துவர்கள் மருத்துவமனையில் பெறும் கட்டாயப் பயிற்சி) முடிக்கிறாள். தோட்டப்புற கிளினிக்கில் வேலை செய்ய ஆசை. தனியாகச் சமாளிக்க முடியுமா என்ற பயமும் உண்டு. எப்படித் தயாராவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்த ஆசையைத் தடுக்காதீர்கள், அம்மா. பயம் நியாயமானதே. 2 ஆண்டுப் பயிற்சி பெரிய மருத்துவமனையில் நடக்கிறது. ஆய்வகமும் நிபுணரும் பக்கத்திலேயே இருப்பார்கள். சிறு கிளினிக்கில் அப்படியில்லை. மீதமுள்ள மாதங்களில் பிரசவம், பிறந்த சிசுவுக்கு மூச்சுக் கொடுப்பது, தையல் ஆகியவற்றை மேற்பார்வையில் தன் கையால் செய்து பழகட்டும்.

மலேசியாவின் வடக்குப் பகுதித் தோட்டங்களில் குழிவிரியன் என்ற விஷப்பாம்பின் கடி முக்கியம். ஆய்வகம் இல்லாவிட்டாலும் ஒரு சோதனை செய்யலாம்: 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது. விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ தவறான முடிவு தரும். பலர் சறுக்குவது இங்கேதான்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் டெங்கியோடு, எலிச் சிறுநீர் கலந்த நீராலும் மண்ணாலும் பரவும் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். "என்ன வேலை செய்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டாலே பாதி விடை கிடைக்கும்.

வேலையில் சேர்ந்த அன்றே மருந்து அலமாரியைப் பார்த்து, எது இல்லை என்று குறித்துக்கொள்ளட்டும். மாவட்ட மருத்துவமனையில் இரவில் யாரை அழைப்பது என்பதையும் கேட்டு வைக்கட்டும்.