குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொண்டால் மனம் இன்னும் தளர்ந்துவிடாதா?

பெரும்பாலும் எதிர்மாறாகத்தான் நடக்கும். 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கிய, குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளில் இதுதான் முதல் படி. உள்ளே போன முதல் கிளாஸுக்குப் பிறகு நிறுத்துவது தன் கையில் இல்லை என்பதே ஒப்புதலின் மையம். ஆனால் உதவி கேட்பது இன்னும் குடிப்பவர் கையில்தான் இருக்கிறது.

வாயால் சொன்னால் போதாது, எழுத வேண்டும். 'ரெண்டு பெக்கோடு நிறுத்துவேன்' என்று தீர்மானித்த நாட்கள், அன்று உண்மையில் குடித்த அளவு, அதனால் போன வேலை, ஏறிய கடன். 'ஆபீஸ் டென்ஷன்', 'வீட்டில் சண்டை' என்று காரணம் சேர்க்காதீர்கள். காரணம் வந்தாலே பேரம் தொடங்கிவிடும். பீருக்கு மாறுவதும் வார இறுதியில் மட்டும் குடிப்பதும் அந்தப் பேரம்தான். எழுதியதை, குடியை விட்டுச் சில ஆண்டுகளான ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். சாக்குகளை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார், அவரும் சொன்னவைதானே!

தினமும் அதிகம் குடிப்பவர் ஒப்புக்கொண்ட வேகத்தில் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் நடுக்கம், குழப்பம், மாயக்காட்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் மேற்பார்வையில் மருந்தும் தயமினும் (வைட்டமின் பி1) எடுத்துக்கொண்டே நிறுத்த வேண்டும்.