‘ஈ53’ வந்தால் கேபிளைக் கழற்றாதீர்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில், வீட்டு முன்அறையில் கணினி வகுப்பு நடத்துகிறேன். ஐந்து கணினிகளிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. மூலையில் இருக்கும் உபுண்டு சேவரில் இருந்து நெட்வேர்க் வழியாகவே தொடங்கும். போன கிழமை ரவுட்டரை மாற்றினோம். அன்றிலிருந்து ‘பிஎக்ஸ்ஈ-ஈ53’ என்று காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. கேபிள்களை மாற்றியும் சரிவரவில்லை.

பதில்: கேபிளுக்குப் போட்ட காசு வீண், ரீச்சர். பிஎக்ஸ்ஈ என்பது கணினியை நெட்வேர்க் வழியாகத் தொடங்கும் முறை. அது காட்டும் 53 என்ற இலக்கமே நோயைச் சொல்லிவிடுகிறது. கேபிள் பிழை என்றால் 61 வரும். கடற்காற்றில் செருகியின் உலோகப் பல் பச்சை பிடித்து, நம் ஊரில் அதுவும் நடப்பதுதான். கணினிக்கு நெட்வேர்க் முகவரி (ஐபி) கொடுக்க ஆளே இல்லை என்றால் 51. உங்களுக்கு வருவது 53: முகவரி கிடைத்துவிட்டது, எந்தக் கோப்பை இறக்கித் தொடங்குவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

முகவரி கொடுத்தது பெரும்பாலும் புது ரவுட்டர்தான். பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை, அதாவது முகவரி கொடுக்கும் சேவையை, யாரோ நிறுத்தி வைத்திருப்பார்கள். புதியது அதை ஓடவிட்டபடியே வந்திருக்கும். சேவரில் முகவரியும் கோப்பின் பெயரும் கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள், புது முகவரியைக் கொடுக்குமுன் அது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பிங் செய்து பார்க்கும். அது பார்த்து முடிப்பதற்குள் ரவுட்டர் முந்திவிடும். சந்தேகம் தீர, சுவிட்சில் இருந்து ரவுட்டருக்குப் போகும் வயரை மட்டும் கழற்றிவிட்டு ஒரு கணினியைப் போட்டுப் பாருங்கள். தொடங்கினால் கள்ளன் பிடிபட்டான்.

ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்துவது ஒரு வழி. அப்படிச் செய்தால், ரவுட்டரின் முகவரியை கேட்வேயாக (இணையத்துக்குப் போகும் வாசலாக) டிஎன்எஸ்மாஸ்க்கில் எழுதவேண்டும். இல்லாவிட்டால் அது தன்னையே கேட்வே என்று சொல்லிவிடும். ஆனால் சேவர் படுத்தால் வீட்டில் எல்லோருடைய போனுக்கும் முகவரி கிடைக்காது, அப்புறம் உங்களுக்குத்தான் ஏச்சு. நான் என்றால் ப்ராக்ஸி முறைக்கே போவேன்: முகவரியை ரவுட்டர் கொடுக்கட்டும், கோப்பின் பெயரை மட்டும் சேவர் சொல்லட்டும். டிஎன்எஸ்மாஸ்க்கின் அமைப்புக் கோப்பில், டிஎச்சிபி ரேஞ்ச் வரியின் கடைசியில் ‘ப்ராக்ஸி’ என்று போட்டு, பிஎக்ஸ்ஈ-சேர்விஸ் வரியைப் பழைய பயோஸுக்கு ஒன்று, புதிய கணினிகளின் யூஈஎஃப்ஐக்கு ஒன்று என எழுதுங்கள். இரண்டுக்கும் கோப்பு வேறு. சேவரின் ஃபயர்வோலில் யூடிபி போர்ட்கள் 67, 69, 4011 மூன்றும் திறந்திருக்கட்டும். கோப்பை இறக்கக் கேட்கும் 69 அடைபட்டிருந்தால் அடுத்து 32 என்ற பிழை வரும்.

இதோடு முடிந்தால் நல்லது. ஆனால் கேர்னல் (உபுண்டுவின் கரு) இறங்கி, எழுத்துகள் ஓடி, ரூட்டை (சேவரில் உள்ள மூலக் கோப்புறையை) ஏற்ற முடியவில்லை என்று கத்தி நின்றால் அதுவும் ரவுட்டரின் வேலையாகவே இருக்கும். பழையது 192.168.1 வரிசையிலும் புதியது 192.168.8 வரிசையிலும் இருந்தால், சேவருக்குப் புது வரிசையில் ஒரு நிலையான முகவரி கொடுக்கவேண்டும். அதை டிஎச்சிபி ரேஞ்ச் வரியிலும் கேர்னல் வரியில் அந்தக் கோப்புறை இருக்கும் இடத்தைச் சொல்லும் என்எஃப்எஸ்ரூட்டிலும் மாற்றுங்கள். கோப்புறையை யார் திறக்கலாம் என்று சேவரில் சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் அனுமதித்த வரிசையையும் மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் நானே இரண்டு தடவை மறந்து, ஓர் இரவு முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்று. கரண்ட் போய் வந்தால் சேவர் எழும்பிய பிறகே மற்றவற்றைப் போடுங்கள். முந்திக்கொண்ட கணினி திரும்பவும் 53 காட்டும். அதற்கு ஒரு ரீஸ்டார்ட் போதும்.