ரைஜல்: வாசகர் கேள்விகள்

கே: ரைஜல் 'நீலப் பெரும் ராட்சத விண்மீன்' என்கிறார்கள். எனக்கு வெள்ளையாகத்தானே தெரிகிறது?

ப: கண்ணில் கோளாறு ஏதுமில்லை. ரைஜலின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 12,000 கெல்வின். அந்த வெப்பத்தில் ஒளியின் உச்சம் புற ஊதாவில் போய் விழுகிறது. அதை நாம் பார்க்க முடியாது. கண்ணுக்கு எட்டும் ஒளியில் நீலம் சற்றுத் தூக்கல், அவ்வளவுதான். ரைஜல் இருக்கும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் எதிர் மூலையில் இருக்கும் திருவாதிரையைப் பார்த்துவிட்டு உடனே ரைஜலுக்கு வாருங்கள், சாயல் பிடிபடும். கேமராவில் எடுப்பதானால் ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். கூர்மையாக எடுத்தால் ஒளி சில பிக்சல்களிலேயே குவிந்து, மூன்று நிறமும் நிரம்பி வழிந்து, வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும்.

கே: அதன் தூரம் 860 ஒளியாண்டு என்பது துல்லியமா?

ப: இல்லை. பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவுதான் இடமாறு கோணம். ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்தது 3.78 மில்லி விகலை (விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு, மில்லி விகலை அதில் ஆயிரத்தில் ஒன்று); பிழை கூடக்குறைய 0.34. கணக்குப் போட்டால் தூரம் 790 முதல் 950 ஒளியாண்டு வரை வருகிறது. பிரகாசம் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், சூரியனைப்போல லட்சம் மடங்குக்கு மேல் என்று சொல்லப்படும் அதன் ஒளிர்வும் 40 சதவீதத்துக்கு மேல் ஆடும். ஒரே ஒரு எண்ணை மட்டும் தரும் பட்டியலை நம்பாதீர்கள். பின்னால் வந்த கையா செயற்கைக்கோளுக்கு இவ்வளவு பிரகாசமான விண்மீன் கண்ணைக் கூசியது.

கே: வெடித்தால் நமக்கு ஆபத்தா?

ப: அந்தத் தூரத்தில் ஆபத்தில்லை. ஆனால் நீல நிலையிலேயே வெடிக்க முடியும் என்பதை நம் பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் 1987-இல் பார்க்கப்பட்ட 1987ஏ என்ற விண்மீன் வெடிப்பு காட்டியது. வெடித்தது ஒரு நீலப் பெரும் ராட்சதன்தான்.

கே: 4.5 அங்குல டாப்சோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி) வைத்திருக்கிறேன். ரைஜலின் துணை விண்மீன் சிக்கவே இல்லை.

ப: இடைவெளி 9.5 விகலை, உங்கள் கருவிக்கு அது தாராளம். தொல்லை கொடுப்பது ஒளி வேறுபாடு. துணை சுமார் 400 மடங்கு மங்கல், ரைஜலின் கூச்சத்தில் மூழ்கிவிடும்.

ஜனவரிக் கடைசியில் இரவு 9 மணி வாக்கில் பாருங்கள். சென்னையில் அப்போது தெற்கே 69 பாகை உயரத்தில் நிற்கும். குழாயை அரை மணி முன்னதாகவே வெளியே வையுங்கள். காங்கிரீட் மொட்டைமாடி பகல் சூட்டை இரவிலும் கக்குவதால் பிம்பம் கொதிப்பதுபோல் ஆடும், அதைவிட மண்தரை நல்லது. கண்ணாடிகளின் நேர்சீரைச் சரிபாருங்கள், அது பிசகினால் ஒளி ஒரு பக்கம் வால் விடும். குவியத்தூரம் 900 மி.மீ. என்றால் 6 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டு 150 மடங்கு வையுங்கள். 25 மி.மீ. ஐபீஸில் தேடுவது வீண்.

அடுத்து திசை. குழாயைத் தொடாமல் விட்டால் விண்மீன் நகரும் பக்கம் மேற்கு. குழாயை வடக்கே லேசாகத் தள்ளினால் அது விலகும் பக்கம் தெற்கு. துணை இருப்பது தெற்கிலிருந்து சற்றே மேற்காக. இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் தகடுகளால் வரும் ஒளிக்கீற்று சரியாக அந்த இடத்தில் விழுந்தால் எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியாது. வளையத்தில் பொருத்திய குழாயானால் சற்றுத் திருப்பிவிடுங்கள். திருப்ப முடியாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வானம் சுழல்வதில் கீற்று விலகியிருக்கும்.