பெங்களூர் போய் ஒயின் ருசி பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பெங்களூரில் இருக்கும் தம்பி, நந்தி மலைப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் ருசி பார்க்க எனக்கும் மனைவிக்கும் சேர்த்து புக் செய்திருக்கிறான். மறுநாள், கடையிலேயே பீர் காய்ச்சித் தரும் ஓர் இடத்துக்கும் போகலாம் என்கிறான். நான் எப்போதாவது டாஸ்மாக் பீர் குடித்ததோடு சரி. அங்கே ஒன்றும் தெரியாமல் முழிப்பேனோ என்று கூச்சமாக இருக்கிறது. மனைவி குடிக்க மாட்டாள், ஆனால் தோட்டம் பார்க்க ஆசைப்படுகிறாள். கூட்டிப் போகலாமா? வரும்போது ஆம்பூர் பிரியாணி வாங்கி வரச் சொல்கிறான் தம்பி. அதோடு எந்த ஒயின் சேரும்?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஒயின் தோட்டத்தில் பாதி நேரம் நடப்பதும் பார்ப்பதும்தான். திராட்சைக் கொடி, நசுக்கும் இயந்திரம், ஓக் பீப்பாய்கள் எல்லாவற்றையும் காட்டி விளக்குவார்கள். பிப்ரவரி, மார்ச் என்றால் அறுவடையையும் பார்க்கலாம். உங்கள் மனைவி ஒரு சொட்டுக் கூடக் குடிக்காமல், வெறுமனே முகர்ந்து பார்த்தே நிறையக் கண்டுபிடிப்பார். தினமும் தாளிப்பு வாசனையை வைத்தே பதம் சொல்கிற மூக்கு அது. 'ஒரு வாய் குடிச்சாத்தான் என்ன' என்று தம்பி வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கூச்சத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் மது என்றால் அவசரமாக வாங்கி, அவசரமாக உள்ளே தள்ளி, வாசனை தெரியாமல் வீடு திரும்புவது என்றே பழகிவிட்டது. 1987-ல் இருந்து கள்ளுக்கும் தடை. நிதானமாக உட்கார்ந்து ருசித்துப் பேச ஓர் இடமே இங்கே இல்லை. அதனால் தெரியவில்லையே என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கால் கிலோ பன்னீர் திராட்சை வாங்குங்கள். ஒரு பழத்தைப் பிதுக்கிச் சதையை மட்டும் தின்னுங்கள்: இனிப்பும் கொஞ்சம் புளிப்பும். அடுத்து தோலை மட்டும் மெல்லுங்கள். கடைசியாக விதையைக் கடியுங்கள். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கு வறண்டு இழுக்கும். அந்தத் துவர்ப்புக்குத்தான் டானின் என்று பெயர். சிவப்பு ஒயினைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். நிறமும் துவர்ப்பும் அங்கிருந்து வருகின்றன. வெள்ளை ஒயினுக்குச் சாறு மட்டும், அதனால் புளிப்பு முன்னால் நிற்கும். இது நாக்கில் பட்டுவிட்டால் அங்கே சொல்வதில் பாதி புரிந்துவிடும்.

அப்புறம், அன்றைக்கு ஒருநாள் ஜவ்வாது, அத்தர், தலை நிறைய மல்லிகை மூன்றும் வேண்டாம். உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் ஒயின் வாசனை தெரியாமல் போய்விடும். கிளாஸைக் காம்பில் பிடியுங்கள், கைச்சூடு ஏறாது. மெல்லச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டுங்கள். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வழிகாட்டி 'பாஷன் ஃப்ரூட் வாசனை' என்று சொன்னால் தலையாட்ட வேண்டியதில்லை. உங்களுக்குக் கொய்யா என்று பட்டால் கொய்யா என்றே சொல்லுங்கள். நம் ஊர்ப் பழங்களும் மசாலாவும் போதும், இரவல் சொல் எதற்கு?

பீர் கடையில் கோதுமை பீரை முதலில் கேளுங்கள். ஜெர்மன் பாணியில் காய்ச்சியது என்றால் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடவில்லை. ஈஸ்ட் புளிக்க வைக்கும்போது, வாழைப்பழத்தில் இருக்கும் அதே வாசனைப் பொருளைத் தானே உண்டாக்குகிறது. எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத விஷயம் இது. கறுப்பாக இருக்கும் ஸ்டவுட் கடைசியில் வரட்டும். வறுத்த பார்லியின் காபிக் கசப்பு முதலிலேயே நாக்கில் உட்கார்ந்தால் மற்றது எதுவும் தெரியாது.

அளவு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 'சாம்பிள்தானே' என்று தோன்றும். ஒரு கிளாஸுக்கு 45 மில்லி என்று வைத்தால்கூட ஐந்து கிளாஸ் 225 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 29 மில்லி ஆல்கஹால். 5 சதவீத பீர் ஒரு பெரிய பாட்டிலில், அதாவது 650 மில்லியில், இருப்பதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். வெறும் வயிற்றில் போகாதீர்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள். காரை எடுக்காமல் ரயிலில் போய், அங்கே டாக்ஸி பிடியுங்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே உண்டு. சர்க்கரைக்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023-ல் உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ருசிக்காக, எப்போதாவது, கொஞ்சம். அவ்வளவுதான் நான் ஆமோதிப்பது.

பாட்டில் பிடித்துப்போய் ஊருக்குக் கொண்டு வர ஆசை வரும். வேண்டாம். அனுமதி இல்லாமல் மாநில எல்லை தாண்டினால் மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். தம்பி வீட்டிலேயே திறந்துவிடுங்கள்.

பிரியாணிக்கு ஷிராஸ் போன்ற கனமான சிவப்பு ஒயினைத் திறக்காதீர்கள். ஆம்பூர் பிரியாணியில் காய்ந்த மிளகாய் விழுது இருக்கிறது. துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தை இன்னும் எரிய வைக்கும். லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், நன்றாகக் குளிர வைத்தது, சரியாக இருக்கும். கூட வரும் கத்திரிக்காய்ப் பச்சடியின் புளிப்புக்கும் அது ஈடுகொடுக்கும். மனைவிக்கு எலுமிச்சை சோடா போட்டுக் கொடுங்கள், அவருக்கும் அதே மாதிரி காம்பு வைத்த கிளாஸிலேயே.